தினம் ஒரு விரற்கடை இறங்கும் வீட்டுக்குளம்: ஆவியா, கசிவா?

(ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது அதை எழுதியவரின் புனைபெயர்.)

பின்கட்டு:

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 45 செ.மீ. ஆழத்தில் சின்னக் குளம் ஒன்று இருக்கிறது. ஈ.பி.டி.எம். ரப்பர் ஷீட் விரித்து ஓரத்தில் கல் அடுக்கியது. கல்லுக்கு இடையில் மண் போட்டதில் புல் நன்றாகப் பிடித்திருக்கிறது. நடுவில் ஒரு மீட்டர் உயரம் பீய்ச்சும் ஃபவுண்டன், பகலில் பத்து மணி நேரம் ஓடும். தொட்டியில் இரண்டு தாமரை, ஒரு அல்லி. ஒரு மூலையில் சம்பு. மீன் இன்னும் விடவில்லை.

மழை நின்று மூன்று மாதம் ஆகிறது. நாளுக்கு 24, 25 மி.மீ. மட்டம் இறங்குகிறது. போர் தண்ணீர் ஊற்றித்தான் சரிக்கட்டுகிறேன். போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 900, குளத்தில் அளந்தால் 1,800.

இது வெயில் குடிக்கிற தண்ணீரா, எங்காவது கசிகிறதா? குளத்தை மூடாமல் செலவைக் குறைக்க வழி உண்டா? ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரையும் ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரையும் ஊற்றலாமா? ஃபவுண்டனை நிறுத்தினால் கொசு வந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

நீரளவு:

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. இறங்கினால் 1 லிட்டர். உங்கள் குளம் 6 சதுர மீட்டர், 24 மி.மீ. என்றால் நாளுக்கு 144 லிட்டர். வறண்ட காற்று வீசும் வெயில் நாளில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து 6 முதல் 10 மி.மீ. வரை ஆவியாகலாம். மீதிக்கு வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது.

நீங்கள் கொடுத்த டி.டி.எஸ். எண்ணே கசிவைக் காட்டிக்கொடுக்கிறது. ஆவியாகும் நீர் உப்பைக் குளத்திலேயே விட்டுவிட்டுத்தான் போகும். 90 நாளில், நாளுக்கு 25 மி.மீ. வீதம் 2,250 மி.மீ. இறங்கியிருக்கிறது. 45 செ.மீ. குளம் ஐந்து முறை காலியாகி ஐந்து முறை நிறைந்ததற்குச் சமம். அத்தனையும் ஆவியாகவே போயிருந்தால் 900 என்பது 5,400 ஆகியிருக்க வேண்டும். ஓரத்தில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பைக் கழித்தாலும் 1,800இல் நிற்க வழியில்லை. தண்ணீர் உப்போடு சேர்ந்தே வெளியேறுகிறது.

வாளி சோதனை செய்து பாருங்கள். ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரையே நிரப்பி, குளத்துக்குள் செங்கல் மேல் நிறுத்துங்கள். வாளிக்குள் உள்ள மட்டமும் வெளியே குளத்து மட்டமும் ஒன்றாக இருக்கட்டும். வாளியைத் தரையில் வைத்தால் அதன் தண்ணீர் தனியாகச் சூடாகி அளவு தப்பும். குளத்துக்குள் இருந்தால்தான் இரண்டுக்கும் ஒரே சூடு. இரண்டு மட்டத்தையும் குறித்துக்கொண்டு 24 மணி நேரம் ஃபவுண்டனை நிறுத்தி வையுங்கள். வாளியில் இறங்கியது ஆவி. குளத்தில் அதைவிட அதிகமாக எவ்வளவு இறங்கியதோ அவ்வளவும் கசிவு. மறுநாள் ஃபவுண்டனை ஓட விட்டு இன்னொரு முறை அளந்தால் ஃபவுண்டனின் பங்கும் தெரிந்துவிடும். வாளியில் சாரல் விழாத இடமாகப் பாருங்கள்.

மண்வெட்டி:

ஓரத்துல புல் நல்லா பிடிச்சிருக்குன்னு சொன்னீங்க பாருங்க, சந்தேகம் அங்கதான். மூணு மாசமா மழை இல்லை, தோட்டம் காயுது, குளத்தோரப் புல்லு மட்டும் பச்சையா நிக்குதுன்னா அதுக்குத் தண்ணி எங்கேருந்து வருது?

ஷீட்ல ஓட்டையே இருக்காது. ஷீட்டோட விளிம்பைக் கல்லுக்கு அடியில படுக்க வெச்சு மேல மண்ணைப் போட்டிருப்பாங்க. அந்த மண்ணோட ஒரு பக்கம் குளத்துத் தண்ணியில, இன்னொரு பக்கம் வெளி மண்ணுல. விளக்குத் திரி எண்ணெயை இழுக்குற மாதிரி ராத்திரி பகலா இழுத்துக்கிட்டே இருக்கும். புல்லு வேர், தேங்காய்நார் விரிப்பு, ஓரத்துல பூசின சிமெண்ட் கலவை, எல்லாமே திரிதான்.

ஒரு கல்லைப் புரட்டி வெளிப்பக்க மண்ணை நாலு விரல் தோண்டிப் பாருங்க. கையில ஈரம் ஒட்டினா அதுதான். கல்லையெல்லாம் எடுத்துட்டு, விளிம்பை நெட்டுக்குத்தா நிமித்தி நிறுத்தணும். நீர்மட்டத்துக்கு மேல 5லேருந்து 8 செ.மீ. நிக்கட்டும். கல்லு அதுக்கு உள்பக்கம் வரலாம், வெளிப்பக்கமும் வரலாம். ஆனா மண்ணு எங்கேயும் விளிம்பைத் தாண்டிக் கைகோர்க்கக் கூடாது. வெளி மண்ணு விளிம்பைவிட ரெண்டு விரல் தாழ இருக்கட்டும்.

அதுக்கப்புறமும் இறங்கினா தண்ணி ஊத்தாம ரெண்டு மூணு நாள் விட்டுடுங்க. இறங்குற வேகம் எந்த மட்டத்துல வாளி வேகத்துக்குக் குறையுதோ, ஓட்டை அந்த மட்டத்துல இருக்கு. அந்த வரியில ஷீட் மடிப்பு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஊசியில்லாத சிரிஞ்சால ரெண்டு சொட்டுப் பால் விடுங்க. கலங்கி நின்னா ஒண்ணுமில்ல. கோடா ஒரு பக்கம் ஓடினா பிடிச்சாச்சு. சிலிக்கான் போட்டு அடைக்காதீங்க, ஈ.பி.டி.எம்.ல ஒட்டாது. இடத்தைத் துடைச்சு, நல்லா காயவெச்சு, லேசா உரசி, அதுக்குன்னே இருக்கிற ப்ரைமர் தடவி, ஓட்டையைச் சுத்தி எல்லாப் பக்கமும் 10 செ.மீ. வர்ற மாதிரி ஈ.பி.டி.எம். ஒட்டு போடணும்.

பின்கட்டு:

வாளி வைத்துப் பார்த்துவிட்டேன். வாளியில் 9 மி.மீ. ஃபவுண்டன் நின்றபோது குளத்தில் 15, ஓடியபோது 24. ஓரக்கல் மூன்றைப் புரட்டினேன், இரண்டுக்கு அடியில் சொதசொதவென்று ஈரம்.

நீரளவு:

அப்படியானால் கணக்கு இது. ஆவி 9 மி.மீ., நாளுக்கு 54 லிட்டர். ஓரக்கசிவு 6 மி.மீ., 36 லிட்டர். ஃபவுண்டன் 9 மி.மீ., இன்னொரு 54 லிட்டர். ஒரு மீட்டர் உயரம் பீய்ச்சும் நீர் துளித்துளியாக உடைகிறது. அதில் கொஞ்சம் காற்றில் வெளியே பறக்கும், கொஞ்சம் துளியாக இருக்கும்போதே ஆவியாகும். ஃபவுண்டனை நிறுத்தி ஓரத்தைச் சரிசெய்தாலே 90 லிட்டர் மிச்சம்.

மீதமுள்ள 54 லிட்டரைப் பாதியாக்க வேண்டுமென்றால் குளத்தின் வடிவத்தைத்தான் மாற்ற வேண்டும். ஆவியாவது பரப்பைப் பொறுத்தது, ஆழத்தைப் பொறுத்ததல்ல. வறண்ட இடத்தில் குளம் அகலத் தட்டாக இல்லாமல் ஆழக் கிண்ணமாக இருக்க வேண்டும். 2 மீட்டருக்கு 1.5 மீட்டர், ஆழம் 70 செ.மீ. என்று வைத்துப் பாருங்கள். கொள்ளளவு 2,700 லிட்டரிலிருந்து 2,100 ஆகத்தான் குறைகிறது. பரப்போ 6 சதுர மீட்டரிலிருந்து 3. அதே 9 மி.மீ.க்கு 27 லிட்டர்தான். ஆழம் கூடினால் தண்ணீர் பகலில் மெதுவாகச் சூடாகும். பாசிக்கும் மீனுக்கும் அது பெரிய வித்தியாசம்.

பழைய ஷீட்டே போதும் என்று நினைக்கிறேன், அளந்து பாருங்கள். ஷீட்டுக்கான கணக்கு: நீளம் + ஆழத்தின் இரு மடங்கு + இரு பக்க விளிம்புக்கு 60 செ.மீ. பழைய குளத்துக்கு 4.5 × 3.5 மீட்டர் வாங்கியிருப்பீர்கள். புதியதற்கு 4.0 × 3.5 மீட்டர்தான் வேண்டும். இதே ஷீட்டில் 70 செ.மீ.க்குக் கீழே போக முடியாது, அகலம் பற்றாது.

தோண்டும்போது சுவரைச் செங்குத்தாக விடாமல் சற்று உள்வாட்டமாக விடுங்கள். மணற்பாங்கான நிலமென்றால் செங்கல் சுவர் எழுப்பாமல் நிற்காது. ஷீட்டுக்கு அடியில் ஜியோடெக்ஸ்டைல் என்ற செயற்கை இழைத் துணி போடுங்கள், அல்லது நைலான் கம்பளப் பழசு. சாக்கு வேண்டாம், மக்கும், கரையானும் வரும். அடித்தளம் கோணலாக இருந்தால் பரவாயில்லை, மேல்விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். ரசமட்டம் இந்த நீளத்துக்குப் பிசகும். டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பாருங்கள். ஒரு பக்கம் 2 செ.மீ. தாழ்ந்திருந்தாலும் மற்ற மூன்று பக்கமும் ஷீட் தெரிந்துகொண்டு நிற்கும், அதில் வெயில் படும். முழுக்க நிரப்பி ஒரு நாள் விட்டு ஷீட் படிந்த பிறகே விளிம்பை வெட்டுங்கள்.

பழைய குளத்தை வடிக்கும்போது அந்த 2,700 லிட்டரைச் சாக்கடைக்கு விடாதீர்கள். மூன்று நான்கு நாளில் பிரித்து மரங்களுக்கு விடலாம்.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஒரு தடுப்பு வேண்டும். மதில் மாதிரி மூடிய தடுப்பைவிட, செடிவேலியோ நிழல்வலையோ நல்லது. மூடிய சுவரைத் தாண்டும் காற்று சுழன்று குளத்தின் மேலேயே விழும். பிற்பகல் வெயிலை மறைக்க மேற்கே நிழல்வலை சாய்த்துக் கட்டுங்கள். அல்லிக்குக் காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் கிடைத்தால் போதும்.

இனி உப்பு. கசிவை அடைத்தபின் இது மோசமாகும், ஏனென்றால் இதுவரை உப்பை வெளியேற்றியது அந்தக் கசிவும் சாரலும்தான். 27 லிட்டர் ஆவியாகிக்கொண்டே இருந்தால் 78 நாளில் ஒரு குளத்தளவு நீர் போயிருக்கும், டி.டி.எஸ். 1,800. இன்னொரு 78 நாளில் 2,700. பாதி மாற்றி ஊற்றுவது என்றால் ஆயிரம் லிட்டர் ஒரே நாளில் போகும்.

இதற்கு வழி, தோட்டத்துக்குப் போகிற தண்ணீரைக் குளம் வழியாகப் போக விடுவதுதான். எப்படியும் செடிகளுக்கு நாளுக்கு 30 லிட்டர் ஊற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் குழாயில் பிடிக்காமல் குளத்திலிருந்து மொண்டு ஊற்றுங்கள். குளத்துக்கு 27 + 30, அதாவது 57 லிட்டர் புதுத்தண்ணீர் விடுங்கள். உப்பு ஏறி ஓரிடத்தில் நின்றுவிடும். எங்கே என்றால் உள்ளே வருவதை மொண்டதால் வகுத்து 900ஆல் பெருக்குங்கள்: 57 ÷ 30 × 900, அதாவது 1,710. நாளுக்கு 54 லிட்டர் மொண்டு 81 லிட்டர் விட்டால் 1,350. கூடுதல் தண்ணீர்ச் செலவு ஒரு சொட்டும் இல்லை. குளத்துத் தண்ணீரில் கொஞ்சம் சத்தும் இருக்கும். உப்பு தாங்காத நாற்றுகளுக்கு மட்டும் இதை விட வேண்டாம்.

ஆர்.ஓ. கழிவுநீர் கூடவே கூடாது. அது ஏற்கெனவே உப்பு செறிந்தது, குளத்தில் இன்னும் செறியும். ஏ.சி. தண்ணீர் நேர்மாறு, உப்பே இல்லாதது. நாளுக்கு 10 லிட்டர் கிடைத்தால் மேலே சொன்ன 1,710 என்பது 1,410க்கு இறங்கும். ஏ.சி.யைக் கழுவி சர்வீஸ் செய்த வாரம் பிடிக்காதீர்கள், ரசாயனம் வரும். உள்ளே இருப்பது செம்புச் சுருள் என்பதால், குளத்தில் நத்தையோ இறாலோ வளர்க்கும் எண்ணமிருந்தால் முழுக்க இதையே ஊற்ற வேண்டாம். மழைக்காலத்தில் கூரைநீரை விடும்போது முதல் சில நிமிட நீரைத் தூசியோடு வெளியே தள்ளிவிட்டு அப்புறம் திருப்புங்கள்.

அல்லிக்கொடி:

செடித் தேர்விலும் தண்ணீர் இருக்கிறது. இலை நீர்மேல் படுத்துக் கிடப்பது வேறு, தலைதூக்கி நிற்பது வேறு. அல்லி இலை பரப்பை மூடி வெயிலையும் காற்றையும் தடுக்கும். தாமரை, சம்பு, கோரை இவையெல்லாம் வறண்ட காற்றில் தலையை நீட்டிக்கொண்டு நின்று இலை வழியாக இறைத்துத் தள்ளும். சுற்றிலும் காய்ந்து கிடக்க நடுவில் கொஞ்சம் பச்சை நின்றால் காற்று அதை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். வெங்காயத் தாமரையும் அப்படித்தான். பரப்பை மூடுகிறதே என்று விட்டால் திறந்த தண்ணீரைவிட அதிகமாகக் குடிக்கும், குளத்தையும் மூடிவிடும்.

ஆகவே சம்பை எடுத்துவிடுங்கள். அதன் கிழங்கு முனை கூரானது, ஷீட்டுக்கும் நல்லதில்லை. தாமரை ஒன்று போதும். அதையும் குளத்துக்கு வெளியே ஓட்டையில்லாத 45 செ.மீ. அகலத் தொட்டியில் வைத்தால் அது குடிக்கும் அளவு கண்ணுக்குத் தெரியும். குளத்தில் அல்லி இரண்டு. இரண்டும் வளர்ந்து பரப்பில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை மூட வேண்டும். அதற்கு மேல் போனால் பழைய இலையைக் காம்போடு அடியில் கிள்ளுங்கள். கீழே தண்ணீருக்கு மூச்சு வேண்டும்.

அல்லிக்குத் தொட்டி 35 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம், ஓட்டை வேண்டாம். மண் என்றால் ஒட்டுகிற களிமண் கலந்த தோட்டத்து மண் மட்டும். மண்புழு உரம், சாணம், தேங்காய்நார்த் துகள் எதுவும் கூடாது. நார் மிதந்து வெளியே வரும், மற்றவை காற்றில்லாமல் அழுகும். தொட்டியைத் தூக்கும்போது அழுகிய முட்டை நாற்றமும் கரிய மண்ணும் வந்தால் காரணம் இதுதான். கிழங்கு படுத்து வளரும் வகையென்றால் தொட்டியின் ஓரத்தில், குருத்து நடுவை நோக்கும்படி சாய்த்து நடுங்கள். உருண்டைக் கிழங்கு வகை நடுவில். எதுவானாலும் குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், புதைந்தால் அழுகும். மேலே இரண்டு செ.மீ. பருமணல் போட்டால் மண் கலங்காது. முதலில் குருத்துக்கு மேல் 10, 15 செ.மீ. தண்ணீர் நிற்கும்படி செங்கல் மேல் வையுங்கள். இலை மேலே வந்து விரிய விரிய ஒவ்வொரு செங்கல்லாக எடுத்து இறக்குங்கள். நீர்த்தாவர உரமாத்திரையை மாதம் ஒரு முறை மண்ணுக்குள் விரல் முழுக்கப் போகும் ஆழத்தில் அமுக்கினால் போதும். மேலாகத் தூவினால் பாசிக்குத்தான் விருந்து.

ஃபவுண்டன் நிற்பது அல்லிக்கும் நல்லது. இலைமேல் ஓயாமல் துளி விழுவது அதற்கு ஆகாது.

புதிதாக நிரப்பியபின் தண்ணீர் பச்சையாகும். பயந்துபோய் வடித்துவிட்டுப் புதுத்தண்ணீர் ஊற்றாதீர்கள்! புதுத்தண்ணீரோடு புதுச்சத்தும் வந்து மறுபடி பச்சையாகும், இரண்டாயிரம் லிட்டர் போனதுதான் மிச்சம். அல்லி இலை பரப்பைப் பிடிக்கும் வரை நிழல்வலையைக் குளத்தின் மேலேயே உயர்த்திக் கட்டி, நீருக்குள் மூழ்கி வளரும் வேலம்பாசிச் செடி நாலு கொத்து கல் கட்டிப் போட்டுக் காத்திருங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் தெளியும்.

தலைப்பிரட்டை:

கொசுவுக்கு வருகிறேன். ஃபவுண்டன் ஓடினாலும் ஓரமும் மூலையும் அசையாமல்தான் கிடந்திருக்கும். வெயில் காலத்தில் முட்டை முதல் கொசு வரை 7 முதல் 10 நாள். சிறிய மீன் எட்டோ பத்தோ விட்டால் 2,100 லிட்டருக்குப் போதும். உங்கள் பகுதிக் குளங்களில் இயல்பாக இருக்கிற, மேல்மட்டத்தில் இரை தேடும் சிறுமீன் நல்லது. கம்பூசியா என்ற கொசுமீன் வேண்டாம், தவளை முட்டை, தலைப்பிரட்டை எல்லாவற்றையும் தின்னும், மழையில் குளம் வழிந்து வாய்க்காலுக்குப் போனால் அங்கேயும் பெருகும். தீனி போடாதீர்கள். வயிறு நிறைந்த மீன் புழு தேடாது, மிஞ்சிய தீனி அமோனியா ஆகும்.

மீன் வரும்வரை பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மாத்திரை போடலாம். அது கொசுப்புழுவைக் கொல்லும், மீனையும் தவளையையும் ஒன்றும் செய்யாது. ஆனால் புழு தின்றால்தான் சாகும். காற்புள்ளி மாதிரி வளைந்து உருளும் கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை, அதனால் அதற்குப் பலிக்காது. மாத்திரை போட்டும் இரண்டு மூன்று நாள் கொசு வருகிறதே என்று அளவைக் கூட்ட வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

குளத்தைவிட அதன் பக்கத்தில் இருப்பவற்றைப் பாருங்கள்: ஏ.சி. தண்ணீர் பிடிக்கும் வாளி, வெளியே வைத்த தாமரைத் தொட்டி, கல் இடுக்கு. மீன் அங்கே போகாது. வாளிக்கு மூடி போடுங்கள், தாமரைத் தொட்டியில் இரண்டு மீன் விடுங்கள்.

ஃபவுண்டனுக்குப் பதில் ஏர் பம்ப். நிமிடத்துக்கு 5 லிட்டர் காற்று தள்ளுவது போதும். அதன் குழாய் நுனியில் குமிழி விடும் கல்லை நடு ஆழத்தில் தொங்கவிடுங்கள். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 35 டிகிரியில் 7தான். இரவில் செடியும் பாசியும் அதையே சுவாசிக்கும், அதனால் விடியும் முன்தான் மீனுக்கு மூச்சு முட்டும். சோலார் பம்ப் வைப்பவர்கள் கவனியுங்கள், பேட்டரி இல்லாவிட்டால் தேவையான நேரத்தில்தான் அது தூங்கும்.

ஆழத்தைக் கூட்டுகிறீர்கள், சுவரும் ஏறக்குறைய செங்குத்து. குழந்தைகள் நடமாடும் வீடென்றால் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஆள் பாரம் தாங்கும் கம்பி வலை கட்டாயம். அல்லிக்காம்பு வலைக்கண் வழியே வந்துவிடும். அணிலும் ஓணானும் விழுந்தால் ஏற ஒரு சொரசொரப்பான பலகையைச் சாய்த்து வையுங்கள்.

பின்கட்டு:

நன்றி, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஒரே ஒரு கேள்வி. தினமும் ஊற்றுவதற்குப் பதில் ஃப்ளோட் வால்வு போட்டுவிடலாமா?

மண்வெட்டி:

போடலாம், ஆனா இப்போ வேண்டாம். ஃப்ளோட் வால்வு இருந்திருந்தா 24 மி.மீ. இறங்குறதே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. மட்டம் அப்படியே இருக்கும், மோட்டார் மட்டும் ஓடிக்கிட்டிருக்கும். உங்க தண்ணியில சுண்ணாம்பு வேற. வால்வு வாயில படிஞ்சு சரியா மூடாம சொட்டிக்கிட்டே இருக்கும், அது வழிஞ்சு போறதும் கண்ணுல படாது.

ஓரம் மாத்தினதும் ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கல்லுல ஒட்டி, நெட்டா தண்ணிக்குள்ள இறக்கிடுங்க. காலையில பார்த்து எழுதிட்டு 5 மி.மீ. துல்லியத்துக்கு ஊத்துங்க. ஒரு மாசம் வாளியும் குளமும் ஒரே அளவு இறங்கினா அப்புறம் வால்வு மாட்டலாம். அப்பவும் அதுக்கு முன்னால ஒரு வாட்டர் மீட்டர் வெச்சு, வாரத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுங்க. நீரளவு சொன்ன கணக்குப்படி வாரத்துக்கு 57 × 7, சுமார் 400 லிட்டர் வரணும். 600 காட்டினா மறுபடியும் கல்லைப் புரட்டிப் பாருங்க. பெரும்பாலும் புல்லு திரும்ப விளிம்பைத் தாண்டியிருக்கும்.